விட்டு விட்டு வருவது

எங்கள் வீட்டில் ஒரு சொல்லை யாரும் சொல்வதில்லை. மழை நின்றால் ‘நின்னுருச்சு’ என்போம். பள்ளிக்கூடம் முடிந்தால் ‘முடிஞ்சிருச்சு’ என்போம். ‘விட்டுருச்சு’ என்று மட்டும் வராது. யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவில்லை இது. எங்கள் மகன் படுத்திருந்த நாலாம் நாள் காலை, அவன் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, “காய்ச்சல் விட்டுருச்சு” என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் அவன் இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கள் வாய்க்கு வரவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இயற்பியல் லேப் அட்டெண்டர். பயந்த சுபாவம். கேஸ் குழாயை மூன்று தடவை பார்ப்பேன், பூட்டை நாலு தடவை இழுப்பேன், தாடிக்கொம்பு ரோட்டில் பாதி தூரம் வந்த பிறகு டவுன் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுப்பேன். வாட்ச்மேன் கேலி செய்வார்: “நம்ம ஊருப் பூட்டுண்ணே. நீங்களே நம்பலைன்னா வெளியூர்க்காரன் எப்படி வாங்குவான்?”

போன ஐப்பசியில் எங்கள் துறை மேடம் மொட்டை மாடியில் தொலைநோக்கியை வைக்கச் சொன்னார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், மதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒரு வால்வெள்ளி வருகிறது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேமராவை மாட்டி நிறையப் படம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால் தெரியும் என்றார். சூரியன் இறங்கியதும் மேற்கே கொஞ்ச நேரம்தான் இருக்குமாம். அப்புறம் மலைக்கோட்டைப் பாறைக்குப் பின்னால் போய்விடுமாம்.

முதல் நாள் அவரே இருந்தார். படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன்.

“இது புதுசா வருதா மேடம்?”

“இல்லண்ணே. காலமுறை வால்வெள்ளி. போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வரும்.”

“விட்டு விட்டு வரும்னு சொல்லுங்க.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அதை மறைக்க அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

“எம்புட்டு நாளைக்கு ஒருக்க?”

“ஏழரை வருஷம்.”

“ஏழரையா!”

மேடம் சிரித்துவிட்டார். “சனிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லண்ணே. சொல்லப்போனா வியாழன்தான் இதை இழுத்து இந்தப் பாதையில போட்டது.”

“அப்ப குருபார்வை பட்டிருக்கு.”

“நீங்க ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவங்கதானே?”

“போறதுதான் மேடம். ஆனா ஏழரைன்னா எல்லாருக்கும் ஏழரைதானே.”

ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் அவர் படம் போட்டுக் காட்டினார். வட்டம் இல்லை. வெள்ளரிக்காய் மாதிரி நீளம். சூரியன் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக இருந்தது. இன்னொரு ஓரம் வியாழன் பக்கம். அங்கே தூரத்தில் இருக்கும்போது இது மெல்ல நடக்கும், சூரியன் கிட்ட வர வர ஓட்டம் பிடிக்கும், சுற்றிக்கொண்டு திரும்பவும் போய்விடும் என்றார். யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். இருபத்திரண்டரை வருடத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஒருவர், ஒரே வானத்தை இரண்டு நாள் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். எல்லாப் புள்ளியும் அதனதன் இடத்தில் இருக்க, ஒன்று மட்டும் தள்ளி இருந்திருக்கிறது.

“அது எங்கிட்டுப் போகும்னு எப்படித் தெரிஞ்சது?”

“மூணு இடத்துல பார்த்தாப் போதும்ணே. மூணு புள்ளி கிடைச்சா பாதையைப் போட்டுரலாம். எப்ப திரும்பும்னும் சொல்லிரலாம்.”

அடுத்த சுற்றில், கணக்குப்படி அது வந்தபோது சூரியனுக்கு அந்தப் பக்கம் இருந்துவிட்டது. உலகத்தில் யாரும் பார்க்கவில்லை. அதற்கடுத்த சுற்றில், ஏழரை வருடத்துக்கு முன்னால், சொன்ன இடத்தில் சொன்ன மாதத்தில் தென்பட்டது. இரண்டாம் தடவை பார்த்த பிறகுதான் அதற்கு எண் கொடுத்துப் பதிவு செய்தார்களாம். இந்தக் கார்த்திகையில் சூரியனுக்கு மிகக் கிட்டே வருகிறது. அடுத்து வரும் நாட்களில் தன்னால் இருட்டும்வரை நிற்க முடியாது, மதுரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இடத்தை லேப்டாப்பில் குறித்து வைத்துவிட்டுப் போகிறேன், நீங்கள் தார்ப்பாயை எடுத்து, குழாய் மூடியைக் கழற்றி, பட்டனைத் தட்டினால் போதும் என்றார். நான் சரி என்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். எனக்கு வேறு வேலை தெரியாது.

இருபத்திரண்டரை வருடத்துக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்த வருடம்தான் வடமதுரைக்கிட்ட என் தம்பி சைக்கிளில் வந்தபோது லாரி அடித்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அது வந்தபோது யாரும் பார்க்கவில்லை. அந்தக் கார்த்திகையில்தான் என் மகன் பிறந்தான். ஏழரை வருடத்துக்கு முன்னால், கோடை மழை பெய்த வைகாசியில், திரும்பப் பார்த்தார்கள். அந்த வைகாசியில்தான் என் மகன் போனான். ஏழு வயதும் ஆறு மாதமும். அது ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் அவன் வந்து, இருந்து, போய்விட்டான்.

இந்தக் கார்த்திகையில் திரும்ப வருகிறது. என் மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியும் அது சூரியனுக்குக் கிட்டே வரும் அதே வாரம்.

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

வீட்டில் மகள் வாசல்படியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். “என்னப்பா, மொகம் இப்படி இருக்கு? பூட்டுல சாவிய வச்சுட்டே வந்துட்டியா?” என்றாள். இல்லை தாயி என்றேன். அவளுடைய வயிற்றைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

அன்றைக்கு என் மனம் போட்ட கணக்கு எளிது. பார்த்தபோதெல்லாம் எங்கள் வீட்டில் ஒருவர் போனார். பார்க்காதபோது ஒருவன் வந்தான். அது வருவதை நான் தடுக்க முடியாது. ஆனால் எங்கள் மாடியில் மூடி என் கையில் இருந்தது. படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே பயப்பட முடியும் என்பது பயப்படாதவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் தார்ப்பாயை எடுத்தேன். மூடியைக் கழற்றவில்லை. பட்டனைத் தட்டினேன். இருட்டுக்குள் தொலைநோக்கி மெல்லத் திரும்பிக்கொண்டே, எதையும் பார்க்காமல், கிளிக் கிளிக் என்று படம் எடுத்தது. பக்கத்தில் ஒரு குருடர் முகத்தைத் திருப்பித் திருப்பி யாரையோ தேடுவது மாதிரி இருந்தது. ‘மேகம் மேடம்’ என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். அதற்கு மறுநாளும் அப்படியே.

கல்லறைத் திருநாள் அன்று மதியம் நானும் என் மனைவியும் மகனுடைய கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனோம். மகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சுற்றிலும் எல்லாக் குடும்பமும் வந்திருந்தது. புல் பிடுங்குகிறவர்கள், செவ்வந்தி மாலையைப் பிரித்துப் பரப்புகிறவர்கள், மெழுகுவர்த்தி காற்றில் அணையாமல் இருக்கக் கொட்டாங்கச்சி தேடுகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் எனக்கு வாய் திறந்துகொண்டது. எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். மூடியையும் சொன்னேன்.

அவள் மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் முக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மாதா கோயில்ல மணியடிச்சா எந்திரிக்கிற வீடு. ஏழரைய எங்க புடிச்சிட்டு வந்தீங்க?”

“அது வேற ஏழரைடி.”

“சரி. நீங்க மூடி வச்சா அது நின்னுருமா?”

“தெரியல. பய பிறந்தப்ப யாரும் பாக்கல. போனப்ப பாத்துருக்காங்க.”

அவள் மட்டையை வாளியின் விளிம்பில் வைத்தாள்.

“மேல யாரோ பாத்தாங்களாம். கீழ நாம பாத்தமா?”

நான் கல்லறை ஓரத்துப் புல்லைப் பிடுங்கினேன்.

“கையும் காலும் ஐஸ் மாதிரி இருக்குன்னு அன்னைக்குக் காலையில நான் சொன்னேன். நீங்க, காய்ச்சல்...” அந்த இடத்தில் நின்றாள். சொல்லைத் தாண்டி அந்தப் பக்கம் போனாள். “அதுனாலதான் சில்லுன்னு இருக்குன்னு சொன்னீங்க. நானும் சரின்னேன். ரெண்டு பேருந்தான். வானத்துல போறதை எதுக்கு இதுக்குள்ள இழுக்குறீங்க?”

மகனுக்கு வந்தது டெங்கு, அதில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போதுதான் உடம்புக்குள் எல்லாம் கசிய ஆரம்பிக்குமாம். எனக்கு அது தெரியாது. மூன்று நாளும் காய்ச்சல் அடித்தபோது நான் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, மணிக்கொரு தடவை தொட்டுப் பார்த்தேன். நாலாம் நாள் காலை என் மனம் அப்படி லேசாக இருந்தது. சைக்கிளில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனதுகூட நினைவிருக்கிறது. என் வாழ்க்கையில் நான் பயப்படாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த வாரம் மேடம் என்னை லேப்புக்குக் கூப்பிட்டார். லேப்டாப்பில் இரண்டு படம் திறந்திருந்தது. ஒன்று ஆரஞ்சு கலந்த சாம்பல். இன்னொன்று கறுப்பு.

“அண்ணே, இது போன வருஷம் மேகம் இருந்தப்ப எடுத்தது. நம்ம பஸ் ஸ்டாண்டு லைட்டு, கடைவீதி லைட்டு எல்லாம் மேகத்துல பட்டு இப்படித்தான் தெரியும். உங்க ரெண்டு நாள் படமும் கரிச்சட்டி மாதிரி இருக்கு. மூடியக் கழட்டல நீங்க.”

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாலு தடவை பூட்டை இழுக்கிறவன் மறந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? சொன்னேன். தம்பியை, மகனை, மகளை, எல்லாவற்றையும்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்தார். “தம்பி எந்த மாசம்?”

“தை.”

“கண்டுபிடிச்சது வைகாசி. நாலு மாசம் தள்ளுது. அப்படித் தள்ளிப் பார்த்தா எல்லா வீட்லயும் ஏதாவது நடந்திருக்கும்ணே. இந்தக் கணக்குல நூல் அளவு தப்புனாலே பாதை சேராது. தம்பி சேரலை.”

“பையன்?”

பிறந்த தேதியும் போன தேதியும் சொன்னேன். எழுதினார். ஒரு கோடு போட்டார். அழித்தார். திரும்பப் போட்டார்.

“பையன் சேருது” என்றார் மெதுவாக. “ஆனா ரெண்டு புள்ளியில பாதை வராதுண்ணே. மூணு வேணும்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் மூன்றாவது புள்ளி எங்கள் வீட்டு வாசல்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“நாளைக்குத்தான் கடைசி நாள்” என்றார். “அப்புறம் பாறை மறைச்சிரும். நான் பஸ்ஸை விட்டுட்டு இருக்கேன். நீங்க வரவேணாம்னா வரவேணாம்.”

வந்தேன். வராமல் வீட்டில் இருந்தால் மாடியில் என்ன நடக்கிறது என்று நினைத்து நினைத்தே செத்துப்போவேன்.

மறுநாள் நாலு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. நானும் மேடமும் மாடிப்படி மேல்தட்டில் ஒதுங்கி நின்றோம். சிறுமலைப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்கு நிஜமாகவே மேகம், என் தலையீடு இல்லாமலே தீர்ந்தது என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். ஆறு மணிக்கு மேற்கே வானம் கழுவிவிட்ட மாதிரி திறந்தது. பாறை கறுப்பாக எழும்பி நின்றது.

“மழை விட்டுருச்சுண்ணே” என்றார் மேடம். “மூடிய எடுங்க.”

அந்தச் சொல் அவருக்கு வெறும் சொல். எனக்குக் கால் நகரவில்லை. அந்த நேரத்தில்தான் என் செல்போன் அடித்தது. மனைவி.

“பனிக்குடம் உடைஞ்சிருச்சு. ஆட்டோவுல போயிட்டிருக்கோம். நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க.”

பின்னால் மகள் கத்துவது கேட்டது. “அப்பாவ மெதுவா வரச் சொல்லும்மா, விழுந்து வச்சிரப் போறாரு!”

மேடத்துக்குக் கேட்டிருக்க வேண்டும். “ஓடுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்றார்.

இரண்டு மாடி இறங்கிவிட்டேன். அப்போதுதான் மூடி நினைவுக்கு வந்தது. அது லொடலொடவென்று இருக்கிறது என்று நான்தான் சைக்கிள் டியூபை வெட்டி உள்விளிம்பில் ஒட்டியிருந்தேன். ஈரம் பட்டால் இறுகிக்கொள்ளும். ஒரு பக்கம் அழுத்தி, மறுபக்கம் நெம்ப வேண்டும். என்னைத் தவிர யாருக்கும் கழற்ற வராது. மேடம் தட்டிப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், அதற்குள் பாறைக்குப் பின்னால் போய்விடும். நான் ஒன்றும் செய்ய வேண்டாம். படி இறங்கினால் போதும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

மகன் போன அன்றைக்குக் காலையிலும் வீட்டுப் படியை அப்படித்தான் இறங்கினேன். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.

திரும்ப ஏறினேன். மூச்சு வாங்கியது. மேடம் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கம் அழுத்தி, மறுபக்கம் நெம்பினேன். கையோடு வந்தது. உள்ளே கண்ணாடி ஈரமில்லாமல் பளபளப்பாக இருந்தது.

“பாருங்க மேடம்” என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் மகளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மனைவி வராந்தாவில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்தபோதெல்லாம் நான் எழுந்து நின்றேன்.

“உக்காருங்கய்யா. வலி விட்டு விட்டுத்தான் வருது. தலைப்பிள்ளை, நேரமாகும்.”

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் முதலில் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து சத்தம் வரும். அடங்கும். சுவர்க் கடிகாரத்தை வைத்து இடைவெளியை எண்ணினேன். பத்து நிமிடம். ஒன்பது. திரும்ப ஒன்பது. அப்புறம் ஆறு. அப்புறம் நாலு. தூரத்தில் இருக்கும்போது நடக்கும், கிட்ட வர வர ஓடும். மேடம் வரைந்த வெள்ளரிக்காயின் ஓரத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. கடைசியில் இடைவெளியே இல்லை. அப்புறம் ஒரே அமைதி. அந்த அமைதியில் நான் என் மகனுடைய காலைத் தொட்டுக்கொண்டிருந்தேன். சில்லென்று இருந்தது. எத்தனை வருடம் போனாலும் அந்தச் சில்லிப்பு என் விரலில்தான் இருக்கிறது.

பிள்ளை அழுதது.

“பொம்பளப் பிள்ளை” என்றாள் நர்ஸ். “என்னங்கய்யா, இதுக்குப் போயி இப்படி அழுகுறீங்க?”

“பொம்பளப் பிள்ளைன்னு அழுகல” என்றாள் என் மனைவி.

மேடம் படம் அனுப்பியிருந்தார். காலையில்தான் திறந்து பார்த்தேன். நட்சத்திரங்கள் எல்லாம் கோடு கோடாக இழுபட்டிருக்க, நடுவே விரலால் துடைத்துவிட்ட மாதிரி ஒரு மங்கல். வால்கூட இல்லை. இதற்காகவா இத்தனை வருடம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மகளிடம் காட்டினேன்.

“என்னப்பா இது, லென்ஸ்ல அழுக்கா?”

“ஆமா தாயி” என்றேன்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று இந்த இடத்தில் எழுதிவிடலாம். ஆனால் பிள்ளையை முதல்முறை கையில் வாங்கியபோதே என் மனம் கூட்டிவிட்டது. அடுத்து அது வரும்போது இவளுக்கு ஏழரை வயது. எவ்வளவு படித்தவர் எத்தனை தாளில் கோடு போட்டுக் காட்டினாலும் இந்தக் கூட்டல் என்னை விட்டுப் போகாது. மகன் சேர்ந்தான் என்று மேடமே சொன்னார்.

நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசி போட்டார்கள். அன்றிரவு பிள்ளைக்கு உடம்பு சுட்டது. ஊசிக் காய்ச்சல்தான், ஒருநாள் இருக்கும், மருந்து கொடுங்கள் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை நான் கிளம்பி, சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்தபோது மகள் தூளிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்.

“காய்ச்சல் விட்டுருச்சுப்பா. நீ கிளம்பு.”

கல்யாணமாகிப் போனவள். அந்த வீட்டில் எல்லாரும் எல்லாச் சொல்லையும் சொல்வார்கள்போல. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி கதவில் வந்து நின்றாள். மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் டப்பாவைக் கீழே வைத்தேன். தூளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பிள்ளையின் காலைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. கால் மணி நேரம் கழித்துத் திரும்பத் தொட்டேன். வேலைக்குப் போகவில்லையா என்று மனைவி கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து தூளிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவள் ஒரு காலைத் தொட்டுப் பார்த்தாள், நான் ஒரு காலை. பிள்ளை சிணுங்கியது.

“ரெண்டு பேரும் சேந்து அதைத் தூங்கவிடாமப் பண்ணுங்க” என்றாள் மகள்.

பதினோரு மணிக்கு மேடம் கூப்பிட்டார்.

“அண்ணே, லேப் சாவி உங்ககிட்டயா இருக்கு? பிள்ளைங்க வெளியில நிக்கிறாங்க.”

“வாட்ச்மேன்கிட்ட இன்னொரு சாவி இருக்கு மேடம். நான் நாளைக்கும் வரமாட்டேன், நாளன்னைக்கு வாரேன்.”

“ஏன், பாப்பாவுக்குக் காய்ச்சல்னாங்களே, இன்னும் அடிக்குதா?”

“இல்ல மேடம்” என்றேன். தூளிக்கு அந்தப் பக்கம் மனைவி நிமிர்ந்து என் வாயையே பார்த்தாள். “காய்ச்சல் விட்டுருச்சு. அதான் கூட இருக்கேன்.”